ரோசெல்லாவின் கேள்விக்கு இரண்டு கட்சியிலும் பதில் இல்லை

எங்கள் மாவட்டத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். தேர்தல் அலுவலகத்தை நடத்தும் ஷெர்ரியைக் கேட்டுப் பாருங்கள், அழுதுவிடுவாள். முதியோர் இல்லங்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களிடம் ஓட்டு வாங்க இரண்டு பேர் சேர்ந்துதான் போக வேண்டும், ஆளுக்கொரு கட்சியாக இருக்க வேண்டும். குடியரசுக் கட்சிக்கு ஆள் பிடிப்பது பெரிய காரியமில்லை, கல்லை எறிந்தால் யார் மேலாவது விழும். அந்தப் பக்கத்துக்கு ரோசெல்லா கிரீஷாப்பை விட்டால் ஆளில்லை. பதினான்கு வருஷம் அவளோடு ஒரே வண்டியில் போய் வந்தவள் நான், நார்மா ஹார்ட்டிங்ஸ். அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினேன். அதனால் எனக்குக் குரலும் பெரிசு, பொறுமையும் குறைச்சல்.

எங்கள் ஊரில் கட்சியில் சேர யாரும் சந்தா கட்டுவதில்லை. வசந்தத்தில் நடக்கும் முதல் சுற்றுத் தேர்தலில் எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டைக் கேட்டு வாங்குகிறோமோ அந்தக் கட்சி என்று பதிவாகிவிடும். என் கொழுந்தன் ஒருமுறை மாவட்டப் பதவிக்கு நின்றான், அவனுக்கு ஓட்டுப் போடக் குடியரசுக் கட்சி ஓட்டுச்சீட்டை வாங்கினேன். நான் குடியரசுக் கட்சிக்காரி ஆனது அப்படித்தான். கொழுந்தன் தோற்றுப் போனான், நான் மட்டும் அதிலேயே தங்கிவிட்டேன். ரோசெல்லா ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் ஓட்டுச்சாவடியான தீயணைப்பு நிலையத்து மேஜை முன்னால் நின்று, அத்தனை பேர் காதிலும் விழும்படி "டெமாக்ரட் சீட்டு" என்று ஜனநாயகக் கட்சிச் சீட்டைக் கேட்பாள். வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் அப்பா காலத்தில் இந்தப் பக்கத்து ஜெர்மன் கத்தோலிக்கர் முக்கால்வாசிப் பேர் அந்தக் கட்சிதான். அந்தக் கட்சி கருக்கலைப்பை ஆதரிக்கத் தொடங்கியதும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குடியரசுக் கட்சிக்கு மாறிப் போனார்கள். இவள் மாறவில்லை.

சரி, அப்படியானால் அவள் கருக்கலைப்புக்கு ஆதரவா என்று கேட்காதீர்கள், உங்களுக்கும் என்னைப் போல மண்டை காய்ந்துவிடும். தினமும் காலைப் பூசைக்குப் போகிறவள் அவள். கலைப்பு கூடாது என்று ஒவ்வொரு ஜனவரியிலும் பங்குக் கோயில் பேருந்தில் பதினொரு மணி நேரம் உட்கார்ந்து தலைநகர் ஊர்வலத்துக்குப் போனவள். குடியரசுக் கட்சிக்காரியான நானோ அந்தப் பேருந்தில் ஒருநாளும் ஏறியதில்லை. கலைப்பு சரியா தப்பா என்று யாராவது கேட்டால் அடுப்பில் ஏதோ கருகுவது போல உள்ளே போய்விடுவேன். ஆக, எதிரெதிர்க் கட்சி என்று சர்க்கார் சேர்த்து அனுப்பிய ஜோடியில் யார் எந்தப் பக்கம் என்று எங்களுக்கே நிச்சயமில்லை.

ஆறாவது வருஷம் ஒரு அக்டோபரில், சோள அறுவடை இயந்திரம் ஒன்று சாலை முழுக்க அடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. நான் திட்டிக்கொண்டே ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ரோசெல்லா முதல்முறையாக அதைச் சொன்னாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது அப்போது. வீட்டில் மூன்று குழந்தைகள், கடைசிக்கு இரண்டு வயது. நாலாவது வயிற்றில், ஐந்தாம் மாசம். ஒரு செவ்வாய்க்கிழமை மாடு கறக்கும் கொட்டகையில் நிற்கும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது. கத்தோலிக்க மருத்துவமனையில் சேர்த்தார்கள். குழந்தை பிழைக்காது, ஆனால் இதயம் துடிக்கும்வரை கை வைக்க மாட்டோம் என்றார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப் போட்டது. அன்று காலை நர்ஸ் வயிற்றில் குழலை வைத்துத் துடிப்பைக் கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தாள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் லினஸ் பிரன்ஸ் வந்தார். நர்ஸை ஏதோ எடுத்துவரச் சொல்லி வெளியே அனுப்பினார். தானே கேட்டுப் பார்த்தார். துடிப்பு நின்றுவிட்டது என்றார். வலி வருவதற்கு மருந்து ஏற்றினார்கள். பெண் குழந்தை. லிடியா என்று பெயர் வைத்துப் பங்குக் கல்லறையில் புதைத்தார்கள். பாதிரியார் தானாகத்தானே இறந்தது என்று கேட்டார், மருத்துவமனைத் தாள் அப்படித்தான் சொன்னது.

"அந்த நர்ஸ் ஏன் சிரிச்சா நார்மா?" என்று கேட்டாள். "ஒரு மணி நேரத்துல நின்னுடுமா?"

எனக்கு என்ன தெரியும்? வண்டியை ஓட்டினேன். அவளுக்கு அதற்குமேல் வேறு கேள்வியே இல்லை. லிடியாவின் இதயம் நின்ற பிறகு எடுத்தார்களா, துடிக்கும்போதே எடுத்தார்களா? துடிக்கும்போதே எடுத்திருந்தால், தான் ஊர்வலத்தில் எதை எதிர்த்து நடந்தாளோ அதுவே தனக்கு நடந்திருக்கிறது. டாக்டரையே போய்க் கேளேன் என்றேன். ஒவ்வொரு அக்டோபரிலும் கலைப்பை எதிர்த்து நெடுஞ்சாலையோரம் வரிசையாக நிற்கும் உயிர்ச்சங்கிலியில் முதல் ஆளாகப் பதாகை பிடிக்கிறவர் அவர், அவரிடம் போய் இப்படிக் கேட்க நாக்கு வரவில்லை என்றாள்.

அதனால் அரசியல்வாதிகளைக் கேட்டாள். இதைப் போய் யாராவது அவர்களிடம் கேட்பார்களா? இவள் கேட்டாள். ஆகஸ்டில் நடக்கும் மாவட்டச் சந்தையில் இரண்டு கட்சிகளின் மேஜையும் ஒரே கொட்டகையில், நடுவில் முயல் கூண்டுகளை வைத்துக்கொண்டு, எதிரெதிரே இருக்கும். கையில் பன்றிக்கறி சாண்ட்விச் தட்டோடு போய் நிற்பாள், கேட்பாள். பிறகு கடிதமும் போடுவாள். பதில்களைச் சமையல் குறிப்பு டப்பாவில், ருபார்ப் பலகாரக் குறிப்புக்கும் கோழி நூடுல்ஸுக்கும் நடுவில் செருகி வைத்திருந்தாள். எனக்குப் படிக்கக் கொடுத்தாள். படித்தேன், தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

மாநில சட்டசபையில் இருந்த ஹோக்வால்ட் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் முதல் கடிதத்தில், கருவில் உருவான நொடியிலிருந்து உயிர்தான், நான் கலைப்புக்கு எதிரி, ஆனால் அம்மா உங்களுக்கு நடந்தது கலைப்பு இல்லை, வைத்தியம் என்று எழுதியிருந்தார். பத்து வருஷம் கழித்துப் பெரிய பதவிக்கு நின்றபோது அதே மனிதர், அதே கையெழுத்து, உங்களுக்கு நடந்தது மாதிரியான காரியங்களுக்காகத்தான் அது பெண்ணின் உரிமையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். குடியரசுக் கட்சியின் கிராண்டல் இன்னும் மோசம். முதலில் இது உங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் உள்ள விஷயம், சர்க்கார் மூக்கை நுழைக்கக் கூடாது என்றார். அப்புறம் காற்று மாறியது, துடிப்பு இருந்தால் தொடவே கூடாது என்றார். அப்படியானால் என் லிடியா என்று இவள் எழுதிக் கேட்டதற்கு, உங்கள் விஷயம் கணக்கில் வராது என்று ஒரே வரி.

"ஏன் வராது?" என்று என்னிடம் கேட்டாள். "ரெண்டு பேருமே என்னை வெளியில நிறுத்திட்டுப் பேசுறாங்க."

பிறகு எங்கள் மாநிலத்தில், இதயம் துடித்தால் கலைக்கக் கூடாது என்ற துடிப்புச் சட்டம் வந்தது, கோர்ட் நிறுத்தியது, மறுபடி வந்தது, மறுபடி நிறுத்தியது. செய்தி கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பேன். ஒருநாள் அவள் சரி, ஒருநாள் அவள் தப்பு. கடைசியில் அந்தக் கேள்வியை ஜனங்களிடமே விட்டுவிட்டார்கள். நவம்பர் ஓட்டுச்சீட்டிலேயே அது வந்தது, கலைப்பைப் பெண்ணின் உரிமையாகச் சட்டத்தில் எழுதலாமா, ஆம் அல்லது இல்லை. ஊரே பதாகைக் காடு ஆகிவிட்டது. ரோசெல்லாவின் கடைசி மகன் கர்ட், பங்குக் கோயிலின் கலைப்பு எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைவன், நாற்பத்து மூன்று வயது. அவளைக் கேட்காமலே அவள் வாசலில் "இல்லை" பதாகையை நட்டுவிட்டுப் போனான். அவளும் பிடுங்கவில்லை. அதைச் சுற்றிப் புல் மட்டும் வெட்டினாள்.

அந்த அக்டோபரில் முதியோர் இல்லப் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் இருந்தது. டாக்டர் லினஸ் பிரன்ஸ், வயது தொண்ணூற்றொன்று, இரண்டு கண்ணும் தெரியாது, ஓட்டுப் போட உதவி தேவை. ரோசெல்லா பட்டியலை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வலதுகையைத் தூக்கிச் சத்தியம் செய்த வேலை இது. சீட்டை அப்படியே படிக்கலாம், சொன்னதைக் குறிக்கலாம், அவ்வளவுதான். விளக்கக் கூடாது, கேட்கக் கூடாது, அதைப்பற்றி மூச்சே விடக் கூடாது.

"ரோசெல்லா, அந்த ரூம்ல எதையும் கேட்டுத் தொலைக்காத," என்றேன். "கேட்டா அவர் ஓட்டு செல்லாமப் போயிடும்."

"எனக்குத் தெரியும் நார்மா. உனக்கு முந்தியே கை தூக்கினவ நான்."

நாங்கள் அறைக்கு அறை முறை மாற்றிக்கொள்வோம், ஒருத்தி படித்தால் ஒருத்தி குறிப்பாள். டாக்டர் அறைக்குள் போகும்போது படிக்கிற முறை அவளுடையதாக இருந்தது. மாற்றிக்கொள்ளலாமா என்று கண்ணால் கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். வழக்கப்படி வாசலில் பெயரும் கட்சியும் சொன்னோம். டாக்டர் ஜன்னல் பக்கம் நாற்காலியில், முழங்காலில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார். ரோசெல்லா பெயரைக் கேட்டதும் தலை நிமிர்ந்தது. "இன்னும் டெமாக்ரட்தானா நீ?" என்றார். "ஆமா டாக்டர், யாராவது இருக்கணுமே," என்றாள்.

ஊராட்சிப் பதவிகள் முடிந்தன, பள்ளிக் குழு முடிந்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. ரோசெல்லா நிதானமாக, ஏற்ற இறக்கம் இல்லாமல், கோயிலில் வாசகம் படிப்பது போலப் படித்தாள். எங்கேயும் குரல் தடுமாறவில்லை. டாக்டர் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தாள். கொஞ்ச நேரம் தன் கைகளைத் தானே தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். நான் அந்தக் கட்டத்தை நிரப்பினேன், அவள் பார்த்துச் சரி என்றாள். எந்தக் கட்டம் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார், இதையெல்லாம் எழுது என்று சொன்னதே ரோசெல்லாதான், அப்போதும் "அந்தக் கட்டத்தை மட்டும் எழுதாத" என்று சொல்லியிருக்கிறாள்.

சீட்டை உறையில் போட்டு ஒட்டினோம். அவர் விரலைப் பிடித்துக் கையெழுத்துக் கோட்டில் வைத்தேன், கிறுக்கினார். உறை பெட்டிக்குள் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "வேலை முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது டாக்டர்," என்றேன். கிளம்பிவிடலாம் என்று எனக்கு ஒரே அவசரம்.

"ரோசெல்லா, அன்னைக்கு அது துடிச்சுட்டுத்தான் இருந்துது," என்றார். "நல்லாவே துடிச்சுது. நின்னுடுச்சுன்னு எழுதினது நான்."

உறை ஒட்டிய பிறகு ஓட்டுப் போட்டவரே பேசினால் என்ன செய்வது என்று எங்கள் விதிப்புத்தகத்தில் எங்கேயும் இல்லை. நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ரோசெல்லா நின்ற இடத்திலேயே நின்றாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே டாக்டர்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல. உன் கை ஜில்லுன்னு ஆகிட்டிருந்துது. வீட்ல மூணு பிள்ளைங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்புறம் முப்பது வருஷம் ரோட்டோரம் பதாகை பிடிச்சேன். அதையும் மனசாரத்தான் பிடிச்சேன். ரெண்டும் எப்படி ஒரே ஆள்னு என்னைக் கேக்காத. எனக்கும் தெரியல."

ரோசெல்லா அவர் முழங்காலில் நழுவியிருந்த கம்பளியை இழுத்துச் சரிசெய்தாள். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

ஓட்டுப்பெட்டி வண்டியில் இருக்கும்போது நேராக அலுவலகம்தான், வேறெங்கும் நிற்கக் கூடாது. சிறுநீர் கழிக்கப் போனால்கூடப் பெட்டியோடு இரண்டு பேரும் போக வேண்டும். பதினான்கு வருஷத்தில் ஒரு காபிக்குக்கூட நான் வண்டியை நிறுத்தியதில்லை. அன்று பங்குக் கல்லறை வாசலில் அவள் "நிறுத்து" என்றாள். பெட்டி இருக்கிறது என்றேன். "தெரியும், தூக்கிட்டு வா," என்றாள்.

சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பெட்டிக்கு இரண்டு கைப்பிடி, ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, எழுபது வயது தாண்டிய இரண்டு பெண்கள், பதினேழு பேருடைய ஓட்டைத் தூக்கிக்கொண்டு ஈரப் புல்லில் நடந்தோம். குட்டிக் கல். லிடியா கிரீஷாப், ஒரே ஒரு தேதி. ரோசெல்லா பெட்டியைக் கீழே வைக்கவும் விடவில்லை. என் தோள்பட்டை விட்டுப்போயிற்று. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. எனக்குத்தான் கண்ணில் நீர் முட்டியது, மூக்கைத் துடைக்கக் கையும் இல்லை.

"இப்ப நான் யாரு நார்மா?" என்றாள். "நாற்பத்தஞ்சு வருஷமாத் தெரிஞ்சா போதும்னு இருந்தேன். தெரிஞ்சுபோச்சு. இப்பவும் ஒண்ணும் புரியல."

ஹோக்வால்டும் கிராண்டலும் அங்கே நின்றிருந்தாலும் என்னைப் போலத்தான் விழித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன், அதுவும் பெரிய ஆறுதலாக இல்லை.

அலுவலகத்தில் படிவம் நிரப்பினோம். வழியில் எங்காவது இறங்கினீர்களா என்று ஒரு கேள்வி அதில் உண்டு. இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் "இல்லை" என்று எழுதப் போனேன். அவள் என் பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"பத்து நிமிஷம், கல்லறைல, ரெண்டு பேரும், பெட்டி கையில. எழுது."

"வேலை போயிடும்டி. ஒரு பொய்யில ஒண்ணும் குடி முழுகாது. ஒரு பொய்யாலதான் நீயே இங்க உசிரோட நிக்கிற."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"ஆமா," என்றாள். "அது ஒண்ணு போதும். எழுது."

எழுதினேன். ஷெர்ரி அதைப் படித்தாள், மேலதிகாரியிடம் கொண்டுபோனாள், பெட்டியின் முத்திரையை இரண்டு முறை சரிபார்த்தார்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தது. எங்களை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. என்னைத் தூக்குவது சுலபம். ரோசெல்லாவைத் தூக்கினால் அடுத்த வாரம் வேறு டெமாக்ரட்டுக்கு எங்கே போவது? ஷெர்ரி பெருமூச்சு விட்டுவிட்டு இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாள். ரோசெல்லா அதையும் சமையல் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.

தேர்தல் நாளன்று நான் தீயணைப்பு நிலையத்தில் மேஜை வேலை. வாசலிலிருந்து நூறு அடி தள்ளி இரண்டு சின்னக் கொடி நட்டிருப்பார்கள், அதற்கு இந்தப் பக்கம் யாரும் பிரசாரம் செய்யக் கூடாது. கொடிக்கு அந்தப் பக்கம் விடியற்காலையிலிருந்து கர்ட் நின்றுகொண்டு துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தான். குளிர் எலும்பைக் குடைந்தது. பத்து மணிக்கு ரோசெல்லா வந்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரத் தடுப்புக்குப் போனாள். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து ஆனது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எட்டிப் பார்த்தேன். சீட்டைப் பார்க்கவில்லை அவள், ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கர்ட் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, கையை ஊதிக்கொண்டு, நிலத்தரகர்போல எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். லிடியாவுக்கு இரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவன்.

எனக்கு அப்போதுதான் கணக்கு விழுந்தது, டாக்டரின் அந்தப் பொய் இல்லையென்றால் இவனும் இல்லை. மர மண்டை எனக்கு.

இருபது நிமிஷம் கழித்துச் சீட்டைப் போட்டுவிட்டு வெளியே போனாள். எனக்கும் அப்போது இடைவேளை, பின்னாலேயே போனேன். கர்ட் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னம்மா இவ்ளோ நேரம்? எதைப் போடணும்னு மறந்துட்டியா?"

ரோசெல்லா அவன் கோட்டுக் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

"உன்னத்தான்டா பாத்துட்டு இருந்தேன்."

"என்னையா? என்னைக்கும் பாக்குற மூஞ்சிதானே."

"இல்ல," என்றாள். "வீட்டுக்கு வந்துட்டுப் போ, சூப் வெச்சிருக்கேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கர்ட் கையில் துண்டுச்சீட்டுக் கட்டோடு அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் திரும்பி, அம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா, என்ன ஆச்சு அவளுக்கு என்று கேட்டான். ஓட்டுச்சாவடி வேலையில் இருக்கும்போது அதையெல்லாம் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.